போர்த்துகீசியப் பண்டம் மேலூர் வந்து சேர

மேலூரில் இருந்துகொண்டு போர்த்துகீசியப் பலகாரம் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டிய ஊர் லிஸ்பன் இல்லை, தூத்துக்குடி. நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 38, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடியில்தான் போய் முடிகிறது. அங்கே கிடைக்காததற்குக் கோவா. கோவாவிலும் கிடைக்காததற்கு மட்டும் போர்ச்சுக்கல். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு, கைப்பேசியில் கண்ணைப் பறிக்கும் படத்தைப் பார்த்து வெளிநாட்டுத் தளத்தில் பணத்தைக் கட்டுபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். தூரம் கூடக்கூடச் செலவு மட்டும் ஏறுவதில்லை. பண்டத்தின் வயதும் ஏறுகிறது.

இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது இதுதான்: தளத்தில் இருக்கும் படத்தை நம்பாதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், வழியில் ஆகும் நாளைக் கணக்குப் போடுங்கள். இவற்றைச் செய்தால் விலை பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

மக்ரூன்

முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியர் செல்வாக்கு வந்தது 1530களில். பரதவர் பெருவாரியாகக் கிறிஸ்தவம் தழுவியது அப்போதுதான். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததோடு அந்த ஆட்சி போயிற்று. அடுப்படியில் மட்டும் ஏதோ மிச்சம் இருந்தது, அதுதான் மக்ரூன் என்று தூத்துக்குடிக்காரர்கள் சொல்வார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்ததை இங்கே முந்திரி போட்டுச் செய்தார்கள். அந்த முந்திரியும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான். அதைச் சொன்னால் நம் குழம்பில் கிடக்கும் மிளகாய் வத்தலும் அதே கப்பல் வழியாக வந்ததுதான். அதை யாரும் போர்த்துகீசியச் சாமான் என்று நினைத்து வாங்குவதில்லை.

மக்ரூனில் மூன்றே சாமான்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி. வெள்ளைக்கருவை நுரை கட்டி நிற்கும்வரை அடித்து, சர்க்கரை சேர்த்து, முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பில் நிரப்பிக் கையாலேயே கூர்முனை வைத்துப் பிழிகிறார்கள். பிறகு குறைந்த சூட்டில் நெடுநேரம் அடுப்பில் கிடக்க வேண்டும். வேகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே சரி. நல்ல மக்ரூனை விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் ஓடு நொறுங்கும். உள்ளே நடுப்பகுதி கொஞ்சம் இழுவையாக, முந்திரிப் பால் வாசத்தோடு இருக்கும். வாயில் போட்டால் மெல்ல வேண்டியதில்லை.

உலர்ந்து நிற்பதுதான் அதன் உயிர் என்பதால் ஈரக்காற்றுதான் அதற்கு எமன். காற்றுப் புகாத டப்பாவில் வாரக்கணக்கில் தாங்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு மழை நாளில் ஒரு பொழுது மறந்துபோனால் பிசுபிசுத்துவிடும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கொரியரில் வரவழைக்காதீர்கள். தையும் மாசியும்தான் நல்ல காலம். சித்திரை வெயிலில் மக்ரூன் உருகாது, ஆனால் வண்டிக்குள் குலுங்கி உடைவதற்குக் காலம் நேரம் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போலியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இந்திய உணவுச் சட்டத்தில் முட்டை சேர்ந்த பண்டம் அசைவக் கணக்கு. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பழைய உறைகளில் முக்கோணத்துக்குப் பதில் வட்டம் இருந்தது. ‘தூத்துக்குடி மக்ரூன்’ என்று எழுதி அதன் அருகிலேயே பச்சைப் புள்ளி இருந்தால் அது முட்டையில்லாமல் செய்த வேறு ஏதோ ஒன்று. சைவக்காரர்களுக்காகச் செய்வதில் தப்பில்லை, ஆனால் நீங்கள் தேடி வந்த சாமான் அது இல்லை. அடுத்தது, சேர்மானப் பட்டியல். எடையில் அதிகம் உள்ளதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முந்திரி பட்டியலின் கடைசியில் ஒதுங்கி நின்று, நடுவில் மைதாவோ கடலையோ நுழைந்திருந்தால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

வாங்கும் வழிகள் இரண்டு. பெரிய விற்பனைத் தளங்களில் ‘தூத்துக்குடி மக்ரூன்’ என்று தேடினால் பல பெயர்கள் வரும். அவற்றில் பாதி, தூத்துக்குடிக் கடைகளில் மொத்தமாக வாங்கி வேறு ஊர்க் கிடங்கில் அடுக்கி வைத்து விற்பவர்களுடையது. ‘தயாரித்தவர்’ ஒரு பெயரும் ‘பொட்டலமிட்டவர்’ அல்லது ‘விற்பனை செய்பவர்’ இன்னொரு பெயருமாக இருந்தால் நடுவில் ஒரு கிடங்கு இருக்கிறது என்று பொருள். தயாரித்த தேதியை இன்னும் கவனமாகப் பாருங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. தூத்துக்குடி பேக்கரிகள் பலவும் இப்போது வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கின்றன. கூகுள் வரைபடத்தில் கடையைத் தேடி, அதில் இருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். பேச்சு இப்படிப் போனால் சரியான கடை:

“அண்ணாச்சி, மக்ரூன் எப்பப் போட்டது?”

“நேத்து ராத்திரி அடுப்புல வச்சது, காலைல எடுத்திருக்கு.”

“மேலூருக்கு அனுப்புவீங்களா?”

“எந்த மேலூரு? மதுரைக்குப் பக்கத்துல இருக்கதா? கொரியர்ல ரெண்டு நாளாவும். உடைஞ்சா நம்ம பொறுப்பில்ல பாத்துக்கோங்க. பஸ்ல போட்டா நாளைக்கே கெடைக்கும்.”

“எந்த மேலூர்?” என்று அவர் கேட்பது நல்ல அறிகுறி. தமிழ்நாட்டில் மேலூர் என்ற பெயரில் வேறு ஊர்களும் இருக்கின்றன. 625106 என்று அஞ்சல் குறியீட்டைச் சொல்லிவிடுங்கள். கொட்டாம்பட்டிப் பக்கமோ அரிட்டாபட்டிப் பக்கமோ இருப்பவர்கள் தங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு அந்த கொரியர் வீடு வரை வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பல கொரியர்கள் மேலூர் அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டு “வந்து வாங்கிக்கோங்க” என்று போன் போடும். அந்த இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் பண்டம் இரண்டு நாள் கிடக்கும். திங்கள், செவ்வாயில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளி, சனியில் வேண்டாம்.

பஸ் பார்சல் வேகமானது. தூத்துக்குடியிலிருந்து மதுரை வரும் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு வருகின்றன. அங்கேயே பார்சலை வாங்கிக்கொண்டு மேலூர் பஸ் ஏறலாம். சென்னை போகும் ஆம்னி பஸ்கள் மேலூர் நான்குவழிச் சாலை வழியாகவே போகும், ஆனால் அகால வேளையில் வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கித் தரும் ஓட்டுநர் அமைவது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது.

உடைவதைக் குறைக்க ஒரே வழி, அட்டைப் பெட்டி வேண்டாம், தகர டப்பாவோ தடித்த பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டும் என்று கேட்டு, அதற்கான காசையும் கொடுப்பது. டப்பாவில் இடைவெளி இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். அரை கிலோ பிடிக்கும் டப்பாவில் கால் கிலோ போட்டு அனுப்பினால் மேலூருக்கு வருவது இனிப்புப் பொடிதான். அந்தப் பொடியையும் வீணாக்க வேண்டாம், பால் பாயசத்தில் இறக்கும்போது தூவினால் நன்றாகவே இருக்கும்.

பின்பக்கம் படிப்பது

உணவுப் பாக்கெட் எதிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் 14 இலக்கத்தில் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை, தமிழ்நாட்டுக்கு 24. ஆக, தமிழ்நாட்டில் பதிந்த கடையின் எண் 124 என்றோ 224 என்றோ தொடங்கும். 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம். பெரிய நிறுவனங்களும் இறக்குமதியாளர்களும் அதில்தான் வருவார்கள். எண்ணைப் பார்த்ததோடு விடாமல், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்கோஸ் தளத்தில் அடித்துப் பாருங்கள். கடையின் பெயரும் முகவரியும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். ‘தூத்துக்குடி’ என்று பெயர் போட்டிருக்கும் பாக்கெட்டின் எண் வேறு மாநிலத்து முகவரியைக் காட்டினால் முடிவு உங்களுடையது.

பேக்கரிக்காரர் உறையில்லாமல் டப்பாவில் போட்டு அனுப்பினால் எண்ணை எங்கே தேடுவது? பில்லில். உணவுக் கடைகள் பில்லில் இந்த எண்ணைப் போட வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. இணையத்தில் விற்கும் உணவு, கையில் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. தள்ளுபடி என்று கூவி விற்கும் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோவாவிலிருந்து

1510 முதல் 1961 வரை போர்த்துகீசியர் ஆண்ட ஊர் என்பதால் கோவாவில் பட்டியல் நீளம். ஆனால் மேலூர் வரை தாக்குப்பிடிப்பவை சில மட்டும்தான்.

பேபிங்கா எல்லோரும் முதலில் கேட்பது. மைதா, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய், ஏராளமான முட்டை மஞ்சள்கரு, கொஞ்சம் ஜாதிக்காய். ஒரு கரண்டி மாவை ஊற்றி மேலிருந்து சூடு காட்டி, அது சிவந்த பிறகு நெய் தடவி அடுத்த கரண்டி. இப்படி ஏழு அடுக்கு, பொறுமை இருந்தால் பதினாறு. தூத்துக்குடியில் வெள்ளைக்கரு போகிறது, கோவாவில் மஞ்சள்கரு போகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு முட்டைக் கூட்டுறவு சங்கம் வைத்திருக்கலாம். போர்ச்சுக்கலின் கன்னிமாடங்களில் துணிக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள்கருவில் பலகாரம் செய்தார்கள் என்பது அந்நாட்டில் வழங்கும் கதை. பேபிங்காவின் குடும்பமும் அதுதான்.

கோவா பேபிங்காவுக்குப் புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. இந்தக் குறியீடு கோவாவில் உண்டானது என்பதற்குத்தான் சாட்சி, ருசிக்கு இல்லை. பெட்டியை வாங்கும்போது அடுக்குகளின் வெட்டுமுகப் படத்தைக் கேளுங்கள். அடுக்குக்கு அடுக்கு கருஞ்சிவப்புக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். மொத்தமும் ஒரே பழுப்பாக இருந்தால் அவசர வேலை. சேர்மானத்தில் நெய்க்குப் பதில் வனஸ்பதி எழுதியிருந்தால் அதை விட்டுவிடுங்கள், அதில் விவாதத்துக்கு இடமில்லை. காற்று உறிஞ்சிய உறையில் வருவதை வாங்கி, வந்ததும் லேசாகச் சூடு காட்டிச் சாப்பிடுங்கள்.

கொரியருக்கென்றே பிறந்தவை கொய்யாப்பழத்தில் செய்யும் பெராடும், தேங்காய்ப்பால் வெல்லத்தில் கிண்டும் தோதோலும். நம் கீழக்கரைத் தொதலைத் தின்றவர்களுக்குத் தோதோல் புதிதாகத் தெரியாது. அதற்குக் கோவா வரை பணம் அனுப்புவானேன் என்பது என் கட்சி. பெராட் அப்படியில்லை, வாங்கலாம்.

காரத்தில், ரெஷாடோ மசாலா வாங்கி வையுங்கள். மிளகாயையும் பூண்டையும் வினிகரில் அரைத்த விழுது. மீனைக் கீறி உள்ளே அடைத்துப் பொரிப்பார்கள். புளிப்பும் உறைப்பும் சேர்ந்திருப்பதால் கெடாது, பாட்டில் உடையாமல் வந்தால் சரி. இறால் பல்சாவ் ஊறுகாய் வகை. அதுவும் வினிகர் புண்ணியத்தில் தாங்கும். சொரிஸோ என்னும் பன்றிக்கறித் தொத்திறைச்சி வேண்டுமென்றால் காற்று உறிஞ்சிய உறையும் தயாரித்த தேதியும் இல்லாமல் தொடக்கூடாது. பங்குனி சித்திரையில் அந்த ஆசையை ஒத்திப் போடுங்கள்.

ஃபெனியைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். முந்திரிப் பழத்தில் இறக்கும் சாராயம், 2009இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. வெளிமாநில மதுவைக் கொரியரில் வீட்டுக்கு வரவழைக்கச் சட்டத்தில் வழி கிடையாது. ‘ஃபெனி டெலிவரி’ என்று விளம்பரம் செய்யும் எண்ணுக்குப் பணம் அனுப்பினால் பாட்டிலும் வராது, போலீசிலும் சொல்ல முடியாது. அந்த மோசடி நடப்பதே இந்தக் கூச்சத்தை நம்பித்தான்.

கடல் கடந்து

போர்ச்சுக்கலிலிருந்தே வர வேண்டிய சாமான் உண்மையில் கொஞ்சம்தான்: ஆலிவ் எண்ணெய், தகரத்தில் அடைத்த மத்தி மீன், பாலாடைக்கட்டி. கட்டியை மறந்துவிடுங்கள், குளிர் அறாமல் மேலூர் வரை கொண்டுவர முடியாது. மத்தி மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. ராமேசுவரத்து மத்தி சந்தைக்கு வரும் ஊரில் தகர டப்பாவுக்கு அத்தனை பணம் கொடுக்க மனம் வருவதில்லை. ஆலிவ் எண்ணெய் மட்டும் நியாயமான ஆசை.

ஐரோப்பியப் பண்டங்களில் நம் புவிசார் குறியீடு போலவே ஒரு முத்திரை உண்டு. சிவப்பும் மஞ்சளுமான வட்டம் இருந்தால், விளைவது முதல் தயாராவது வரை அதே வட்டாரத்தில் நடந்தது. போர்த்துகீசிய உறைகளில் டி.ஓ.பி. என்று எழுதியிருக்கும். நீலமும் மஞ்சளும் என்றால் ஏதாவது ஒரு கட்டமாவது அந்த வட்டாரத்தில் நடந்தது. ‘போர்ச்சுக்கலில் அடைக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் எண்ணெய் வேறு நாட்டுடையதாகவும் இருக்கலாம். கறுத்த பாட்டிலாக இருக்க வேண்டும், அறுவடை ஆண்டு எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

இதை வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்குவதைவிட, முறைப்படி இறக்குமதி செய்த இந்திய விற்பனையாளரிடம் வாங்குவது மேல். பாட்டிலின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் கொண்ட ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். தயாரான நாட்டின் பெயரையும் தளத்தில் காட்டியாக வேண்டும். “பரிசு என்று எழுதி அனுப்பிவிடுகிறோம், வரி வராது” என்று வெளிநாட்டு விற்பனையாளரோ மச்சானோ சொன்னால் கேட்காதீர்கள். தபாலிலும் கொரியரிலும் வரும் பரிசுப் பொருளுக்கான வரிவிலக்கு 2019 டிசம்பரோடு போய்விட்டது; உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் மிச்சமிருக்கிறது. பாரிசிலோ லிஸ்பனிலோ இருக்கும் சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு பாட்டில் கொண்டுவருவதுதான் மலிவான வழி.

கைவினையில் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: அசுலேஜோ எனப்படும் நீலச் சித்திர ஓடுகள். இவற்றைக் கோவாவிலேயே கையால் தீட்டித் தருகிறார்கள். வீட்டுப் பெயர்ப்பலகையைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லியும் கேட்கலாம். எழுத்தைத் தெளிவாகத் தட்டச்சு செய்து அனுப்பி, சுடுவதற்கு முன் படம் காட்டச் சொல்லுங்கள். சுட்டபின் ‘ழ’வைத் திருத்த முடியாது. கையால் தீட்டியதா, அச்சுத்தாள் ஒட்டியதா என்று அறிய, ஒரே சித்திரத்தின் இரண்டு ஓடுகளை அருகருகே வைத்துப் படம் கேளுங்கள். கை வேலையில் நீலம் ஒரே சீராக இருக்காது, தூரிகை நின்ற இடத்தில் அடர்ந்திருக்கும். அச்சில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும்.

பணமும் புகாரும்

தெரியாத கடைக்கு முதல் ஆர்டர் சிறியதாக இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் மட்டும் இருந்து, முகவரியும் உரிம எண்ணும் சொல்லாமல், தனிநபர் யு.பி.ஐ. எண்ணுக்கு முழுப் பணமும் முன்பணமாகக் கேட்பவரை விட்டு விலகுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கொரியர் சீட்டு தெரியும்படி தொடங்கி, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். தின்பண்டத்தைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் விற்பனைத் தளங்களில் கடை போட்டிருப்பவர், விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான, பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட விடுகிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பணத்தைப் பிடுங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது நுகர்வோர் வழக்கில்லை, சைபர் குற்றம். உடனே 1930ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

முதல்முறை வாங்குகிறீர்கள் என்றால், தை பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடிக் கடை ஒன்றுக்குப் போன் போட்டு, கால் கிலோ மக்ரூனை நிரம்பிய டப்பாவில் கேளுங்கள். அது முழுசாக வந்து சேர்ந்தால் அடுத்த மாதம் கோவாவுக்கு எழுதலாம்.